சும்மா நின்ன படகு

வண்டலூர்ல ஸ்பீடுபோட்டான்னு சிரிக்காதீங்க மக்களே. கடலுக்குப் போகணும்னா கேளம்பாக்கம் ரோட்டுல இருபது கிலோமீட்டருக்கு மேல போகணும், உண்மைதான். ஆனா எங்க ஏரியால நாம தண்ணியத் தேடிப் போக வேணாம், அதுவே வரும்.

2015 டிசம்பர் 1 காலைலேர்ந்து மறுநாள் காலைக்குள்ள தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. ஆதனூர்ப் பக்கத்து ஏரித்தண்ணி அடையாறா ஓடுற வழியிலதான் வரதராஜபுரமும் முடிச்சூரும் இருக்கு. எங்க மாமா வீடு வரதராஜபுரத்துல. கீழ்வீடு முழுசா முங்கி, ரெண்டு ராத்திரி மொட்டைமாடில கெடந்து, மீட்புப் படகுல வெளிய வந்தாங்க மாமாவும் அத்தையும்.

அடுத்த வருஷமே மாமா ஒரு காரியம் பண்ணார். எங்கேயோ கழிச்சுப் போட்ட 14 அடி ஃபைபர் ஸ்பீடுபோட்டையும் 25 எச்.பி. டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜினையும் வாங்கி வந்து கார் நிறுத்துற இடத்துல வெச்சுட்டார். "இனிமே எவன் வருவான்னு மாடில நின்னு கையாட்ட வேணாம்டா."

ஏழு வருஷம் தார்ப்பாய்க்குள்ளயே இருந்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ மாமா தார்ப்பாயை விலக்கி கயிற்றை இழுத்தார். முப்பது தடவையாவது இழுத்திருப்பார். இன்ஜின் ஒரு இருமல்கூட இருமல. மறுபடியும் அடுத்தவங்க படகுதான்.

அதுலேர்ந்து அத்தை ஐப்பசி பொறந்தா சரியா தூங்குறதில்ல. பத்திரம், ரேஷன் கார்டு, மாத்திரை எல்லாம் ஒரு பையில போட்டு வாசக்கதவு ஆணியில மாட்டிடுவாங்க. ராத்திரி மூணு தடவ எழுந்து தெருவைப் பார்ப்பாங்க. 2025 மே மாசம் கறாரா சொல்லிட்டாங்க: "ஒண்ணு அது ஓடணும், இல்ல பழைய இரும்புக்குப் போகணும். மழைக்கு முன்னாடி முடிவு பண்ணுங்க."

படகு குட்டியானைல ஏறி வண்டலூர் எங்க வீட்டுக்கு வந்துச்சு. நான் படிச்சது மெக்கானிக்கல், பண்றது பொட்டி தட்டுற வேலை. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் படம் பரீட்சைல ரெண்டு தடவ வரைஞ்சிருக்கேன், மார்க்கும் வாங்கிருக்கேன். தொட்டதில்ல :) அதனால தாம்பரத்துல பைக் ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தரை சனி ஞாயிறுல பிடிச்சுக்கிட்டேன்.

அண்ணன் மொதல்ல பிளக்கைக் கழட்டி, ரெண்டு சிலிண்டர்லயும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, ஃப்ளைவீலைக் கையால சுத்தினார். சுத்துச்சு. கம்ப்ரஷன் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே அளவு. "உசுரு இருக்கு"ன்னார்.

அப்புறம் பிரிச்சுப் பார்த்தா, தேய்ஞ்சுபோனதுன்னு சொல்ல ஒரு பாகம்கூட இல்லைங்க. எல்லாமே சும்மா நின்னு கெட்டது. கார்புரேட்டர்ல பழைய பெட்ரோல் பிசினாட்டம் காய்ஞ்சு, முடி நுழையுற அளவு ஓட்டையை அடைச்சிருக்கு. கீழேர்ந்து தண்ணிய உறிஞ்சி இன்ஜினைக் குளிர வைக்கிற ரப்பர் சக்கரம், அதான் இம்பெல்லர், ஒரே பக்கம் மடிஞ்சு அப்படியே விறைச்சுப்போச்சு. கியர் ஆயில் பால் மாதிரி வெள்ளையா வந்துச்சு. சீல் போய் தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். பெட்ரோல் டியூப் கைல எடுத்தா ஒடியுது.

படகு அதைவிட மோசம். இன்ஜின் மாட்டுற பின்பலகை வெளிய ஃபைபர், உள்ள ஒட்டுப்பலகை. போல்ட் ஓட்டை வழியா தண்ணி இறங்கி உள்ள மட்கிடும், வெளிய பார்த்தா பளபளன்னு இருக்கும். சுத்தியலால லேசா தட்டினா நல்ல இடத்துல 'டக்', கெட்ட இடத்துல 'தொப்'. பாதிக்கு மேல தொப் :( உள்பக்கத்து ஃபைபரை அறுத்து, மட்கினதைச் சுரண்டி, காயவெச்சு, மரைன் பிளைவுட் வெச்சு, ஃபைபர் மேட்டும் ரெசினும் போட்டு மூடினோம். ஜூன் மாச மத்தியானத்துல ரெசின் கலந்தா டப்பாலயே கட்டியாயிடும். அதனால விடியக்காலைல வேலை. அந்நேரத்துக்கு ஜூவுலேர்ந்து சிங்கம் கர்ஜிக்கிறது கேட்கும், நல்ல துணை.

ஆகஸ்ட் கடைசில தண்ணி டிரம்முக்குள்ள இன்ஜினை நிறுத்தி, லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்து கயிற்றை இழுத்தார் அண்ணன். அஞ்சாவது இழுப்புல பிடிச்சுது. தெரு முழுக்க நீலப் புகை. பின்னாடி சின்ன ஓட்டை வழியா தண்ணி பீச்சியடிக்கணும், அடிச்சா இம்பெல்லர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அடிச்சுது! அன்னைக்கு சிங்கத்துக்கு நாங்க பதில் சொன்னோம்.

அடுத்த வாரம் கோவளத்துல மீனவர் அண்ணன் ஒருத்தர் கூட இருந்து தண்ணில இறக்கிப் பார்த்தார். ஜோரா ஓடுச்சு. கரைக்கு வந்ததும் எதுக்கு இந்தப் படகுன்னு கேட்டார். சொன்னேன். அவர் 2015ல தன் படகை லாரில ஏத்திக்கிட்டு சென்னைத் தெருக்களுக்கு வந்தவர்.

"தெருவுல இந்த இன்ஜினை முடுக்காத தம்பி. நீ கிளப்புற அலை ஊறின சுவத்தைத் தள்ளிடும். தண்ணில நடந்து வர்றவன் கால் பங்காவுல மாட்டும். கீழ காம்பவுண்டு எங்க, கம்பி எங்கன்னு தெரியாது. தெருவுல மூங்கில் கழிதான். வெட்டவெளில தண்ணி இழுத்தா மட்டும் இன்ஜின், அதுவும் மெதுவா."

நாலு மாச உழைப்பு இல்லையா, கேட்டதும் எனக்குச் சப்புன்னு போச்சு. மாமா முகத்துலயும் ஈயாடல. அத்தைதான் நேரா கேட்டாங்க: "கழி எத்தனை அடி இருக்கணும் தம்பி?"

இப்போ படகு வரதராஜபுரத்துல, தண்ணி ஏறினா தானா மிதக்குற மாதிரி நீளக் கயித்துல கட்டிருக்கு. பக்கத்துல ரெண்டு மூங்கில் கழி, நாலு லைஃப் ஜாக்கெட். மாசத்துல மொத ஞாயித்துக்கிழமை டிரம்முல தண்ணி ரொப்பி அத்தையே கயிறு இழுக்கறாங்க. மூணாவது இழுப்புல பிடிக்குது. பத்து நிமிஷம் ஓடினதும் பெட்ரோல் டியூபைக் கழட்டிவிட்டு, கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கறது தீர்ந்து அதுவா அணையுற வரைக்கும் விடணும். இப்ப பங்க்ல கிடைக்கிற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும், தேங்கினா மறுபடி மொதல்லேர்ந்துதான்.

போன கார்த்திகைல ஒரு ராத்திரி நல்ல மழை. பயந்துபோய் மாமாவுக்கு போன் போட்டேன். "தெருவுல கணுக்கால் அளவுதான்டா"ன்னார். அத்தை எங்கன்னு கேட்டேன்.

"தூங்குறா. எழுப்பட்டுமா?"

வேணாம்னு சொல்லி போனை வெச்சுட்டேன்.