நிறுத்தி வைத்த வண்டியும் அமானிதமே



ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் பல வளவுகளில் ஏதோ ஒரு வண்டி ஓடாமல் நிற்கும். கணவர் கட்டாரில் இருப்பார். அவருடைய ஆட்டோ வீட்டில் நிற்கும். தம்பி பிரான்ஸில் இருப்பார். லீவுக்கு வந்து ஓடிய வான் அடுத்த லீவு வரை தகரக் கொட்டிலில் நிற்கும். "திறப்பு உங்களிடம் இருக்கட்டும்" என்று சொல்லிப் போய்விடுவார்கள். திறப்பு கைக்கு வந்த நாளிலிருந்து அந்த வண்டி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைத் துடைக்கிறீர்கள், மூடி வைக்கிறீர்கள். அதன் டயர் எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தீர்களா?

ஓடினால்தான் டயர் தேயும், நின்றால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். அப்படியல்ல. வண்டியின் பாரம் மாதக்கணக்கில் டயரின் ஒரே இடத்தில் அழுத்துகிறது. காற்றும் மெல்லக் குறைகிறது. அந்த இடம் தட்டையாகிவிடும். ரப்பர் வெடிக்காதிருக்க மெழுகு போன்ற ஒரு பொருளை அதில் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு வளையும்போதுதான் அது மேற்பரப்புக்கு நன்றாக வந்து காக்கும். நிற்கும் டயருக்கு அந்தக் காவல் குறைவு. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பக்கங்களில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும்.

நம் தீவகத்து நிலமும் அதற்குத் துணை போகிறது. முருகைக்கல் துண்டுகள் கூரானவை. ஐப்பசி, கார்த்திகை மாரியில் மணல் இளகிச் சக்கரம் புதையும். உப்புக்காற்றில் றிம் துருப்பிடித்தால் அதன் விளிம்பால் காற்றுக் கசியும். ஒயிலோ டீசலோ சிந்திய தரையில் நின்றால் ரப்பர் ஊறிப் பதம் கெடும்.

மேலைநாடுகளில் அடுப்பும் படுக்கையும் உள்ள வீடு போன்ற வண்டிகளைக் குளிர்காலம் முழுவதும் நிறுத்தி வைப்பவர்கள், சக்கரங்களுக்குக் கீழே பலகை போடுவார்கள். அதை நாமும் செய்யலாம். பலகை டயரை விட அகலமாக இருக்க வேண்டும். ஒடுங்கிய பனஞ்சிலாகையை வைத்து டயரின் ஓரம் வெளியே தொங்கினால், உள்ளிருக்கும் இழைகளில் பாரம் ஏறி இன்னும் கெடும். மேடான, சுத்தமான இடத்தில் பலகையை வைத்து வண்டியை அதன் மேல் ஏற்றச் சொல்லுங்கள். கதவோரத்தில் குறித்துள்ள அளவுக்குக் காற்று நிரப்புங்கள். வெயில் படும் பக்கத்தைக் கிடுகாலோ சாக்காலோ மறையுங்கள். மாதம் ஒருமுறை ஓடத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வண்டியைச் சற்று நகர்த்துங்கள். கற்களை அடுக்கி வண்டியைத் தூக்கி வைக்க வேண்டாம்; சரிந்தால் முற்றத்தில் விளையாடும் பிள்ளைக்கு ஆபத்து. தூக்கித்தான் வைக்க வேண்டுமென்றால், அதற்கான ஸ்டாண்டுடன் மெக்கானிக் வரட்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. 10 ஆண்டு கடந்த டயரை, புதிது போலத் தெரிந்தாலும், மாற்றுவதே நல்லது.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது நாடெங்கும் வண்டிகள் வாரக்கணக்கில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டுப் பயணம் இல்லாத வீட்டிலும் வண்டி நிற்கும் காலம் வரும்.

நயினாதீவிலும் நெடுந்தீவிலும் உள்ள சகோதரிகளுக்கு இது இன்னும் அவசியம். அங்கே ஒரு டயர் கெட்டால் புதியது குறிகட்டுவானிலிருந்து படகேறி வர வேண்டும். செலவாவது பரவாயில்லை. நின்று நின்று வெடித்த டயரோடு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒருவர் பண்ணைத் தாம்போதியில் போகிறார் என்று எண்ணிப் பாருங்கள். இரு பக்கமும் கடல்.

ஆகவே, வண்டிக்கு உரியவர் வந்து திறப்பைக் கேட்கும்போது, டயரைப் பார்த்துவிட்டு ஓடும்படி ஒரு வார்த்தை சொல்லியே கொடுங்கள். அமானிதத்தை ஒப்படைப்பதில் அதுவும் அடங்கும்.