வெறுங்காலுக்கு ஒரு தரை

ஸ்காபரோவில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடக்கும். உள்ளே பெரியவர், பிள்ளை எல்லாரும் வெறுங்கால்தான். நாடு மாறியும் விடாத பழக்கங்களில் இது ஒன்று. விடவும் வேண்டாம் என்பேன். மரத்தரையிலும் கம்பளத்திலும் அதனால் ஒரு குறையும் இல்லை. தை மாத விடியலில் குளியலறை டைல்ஸில் கால் வைக்கும்போதுதான் உச்சிவரை சுள்ளென்று ஏறும்.

எங்கள் வீட்டில் அந்த டைல்ஸில் முதலில் கால் வைப்பவர் அம்மா. ஊரில் கிணற்றடியில் விடியக் குளித்துப் பழகியவர், இங்கேயும் ஐந்து மணிக்குக் குளித்துவிடுவார். குளியலறைக்கென்று ஒரு சோடி செருப்பு வாங்கட்டுமா என்றதற்கு, “வீட்டுக்குள்ளை செருப்போ?” என்று ஒரே கேள்வியில் பேச்சை முடித்துவிட்டார். கால் விரிப்புப் போட்டால் விளிம்பில் தடுக்குகிறது. குளிரைவிட எனக்குப் பயம் தந்தது, குளிர் தாங்காமல் அவர் ஈரத்தரையில் எட்டி எட்டி வைக்கும் அந்த அவசர நடைதான். வயது போனவர்கள் இப்படியான அவசரத்தில் விழுந்துவிடக்கூடும்.

டைல்ஸ் உண்மையில் மற்றப் பொருட்களைவிடக் குளிர்ந்தது அல்ல. அறை 20 பாகை என்றால் மரக்கதவும் 20, துவாயும் 20, டைல்ஸும் 20. பாதத்தின் சூட்டை மரம் மெல்ல மெல்ல வாங்கும். டைல்ஸ் வேகமாக இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பைத்தான் நாம் குளிர் என்று உணர்கிறோம். ஆகவே காற்றை இன்னும் சூடாக்குவதால் பெரிய பலன் இல்லை. ஃபர்னஸ் தள்ளும் சூடு கூரைப் பக்கம் போய் நிற்க, தரை அப்படியே இருக்கும். எங்கள் குளியலறை கராஜுக்கு நேர் மேலே இருப்பது வேறு. கீழே வெப்பமூட்டப்படாத கராஜ், மேலே டைல்ஸ். இந்த அமைப்பில் உள்ள வீடுகள் இங்கே ஏராளம்.

பழைய டைல்ஸை எப்படியும் உடைக்கவேண்டி வந்தபோது, தரைக்கடியில் மின்கம்பி பதித்துச் சூடாக்குவது என்று முடிவெடுத்தோம். கராஜ் கூரைக்குள் இன்சுலேஷனைச் சரிசெய்த பிறகே கம்பி வாங்கினேன். அடியில் தடுப்பு இல்லாவிட்டால் சூட்டில் ஒரு பங்கு காருக்குத்தான் போகும்.

அம்மாவின் முதல் கவலை வேறு. “கரண்டும் தண்ணியும் ஒரே இடத்திலையோ? கவனமடா தம்பி.” நியாயமான பயம். இதற்கென்று தனிச் சர்க்கியூட் இழுக்கவேண்டும், மின் வேலைக்கு அனுமதி எடுக்கவேண்டும். தெர்மோஸ்டாட்டுக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது: கம்பிக்குள் போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வருவதையும் அது ஓயாமல் ஒப்பிடும். 5 மில்லி ஆம்பியர் அளவு வேறுபட்டாலே கணப்பொழுதில் துண்டித்துவிடும். இதைச் சொல்லி அம்மாவைச் சமாதானப்படுத்தினேன்.

டைல்ஸ் பதிக்க வந்த தம்பி பொறுமைசாலி. குமிழ் குமிழான பிளாஸ்டிக் விரிப்பை முதலில் ஒட்டினார். அந்தக் குமிழ்களுக்கிடையே கம்பியை வளைத்து வளைத்து, மூன்று அங்குல இடைவெளியில் அழுத்திக்கொண்டே போனார். கம்பி எங்கும் தன்னைத் தானே குறுக்கே கடக்கக்கூடாது. நீளம் மிஞ்சியது என்று வெட்டக்கூடாது. அலுமாரிக்கு அடியில் ஓடக்கூடாது, சூடு அடைபட்டுவிடும். டாய்லெட்டின் அடியில் உள்ள மெழுகு வளையத்தை விட்டு விலகி ஓடவேண்டும். மெழுகு இளகினால் கசியும். தரையின் சூட்டை அறியும் சென்சரை இரண்டு கம்பிகளுக்குச் சரி நடுவே வைத்தார். ஒரு கம்பியோடு ஒட்டிவிட்டால் அது பொய் சொல்லும். பக்கத்திலேயே இன்னொரு சென்சரையும் உபரியாகப் புதைத்தார்.

பிறகு மீட்டரை எடுத்தார். சூடாகும் பரப்பு 30 சதுர அடி, சதுர அடிக்கு 12 வாட் வீதம் 360 வாட். 120 வோல்ட்டில் அந்தக் கம்பியின் தடை 40 ஓம் இருக்கவேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தபோது ஒரு தரம், விரித்து முடித்ததும் ஒரு தரம், டைல்ஸ் பதித்த பிறகு ஒரு தரம் அளந்து எழுதினார். பசை பூசும் கரண்டியின் விளிம்பு கம்பியை எங்காவது அறுத்திருந்தால் இந்த அளவுகளில் தெரியும். “அண்ணை, இதுவரைக்கும்தான் எங்கட கையில. மேல டைல்ஸ் போட்டா உடைச்சுத்தான் பாக்கவேணும்” என்றார். கண்ணுக்குத் தெரியப்போகாத வேலைக்கு ஒருவர் இவ்வளவு மெனக்கெடுவதைப் பார்க்கும்போது எனக்கு அவர்மேல் மரியாதை பெருகியது. கம்பி கிடக்கும் விதத்தைப் படமெடுத்து, அளவுத் தாளோடு மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். நாளைக்குத் தரையில் துளை போட யார் வந்தாலும் அதைப் பார்த்துவிட்டே போடவேண்டும்.

தரையில் இருந்தும் படுத்தும் வாழ்ந்த கொரியர்கள் அடுப்புப் புகையைத் தரைக்கல்லின் அடியால் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கினார்கள். ஒண்டோல் என்ற அந்த முறை, சுடுநீர்க் குழாய்களாக உருமாறி இன்றும் அவர்களின் அடுக்குமாடிகளில் இருக்கிறது. அவர்களும் சப்பாத்தை வாசலில் கழற்றுபவர்கள்தான். வெறுங்காலோடு வாழ்பவர்களுக்குத் தரையின் சூடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

பசை முழுதாகக் காயும்வரை சுவிட்சைத் தொடக்கூடாது என்பதால் பொறுத்திருந்தோம். இப்போது நான்கு மணிக்குத் தானாக ஓடத் தொடங்கி, அம்மா வரும்போது தரை 28 பாகையில் இருக்கிறது. நாளுக்கு நான்கு மணிநேரம் நிற்காமல் ஓடினாலும் ஒன்றரை யூனிட்டுக்குள்தான். ஒன்ராறியோவில் நேரத்துக்கேற்ற கட்டணத்தில் காலை ஏழு மணிவரை மலிவு. எட்டி வைக்கும் நடை நின்றுவிட்டது. அம்மா ஆறுதலாக நின்று தலை துவட்டுகிறார்.

எங்கள் ஆட்கள் குளியலறை திருத்தும்போது கண்ணாடிக் கதவுக்கும் பளபளக்கும் பெரிய டைல்ஸுக்கும் கணக்குப் பாராமல் செலவழிக்கிறார்கள். அந்தப் பளபளப்பு ஈரத்தில் வழுக்கும். பெற்றோர் கூட இருக்கிற வீட்டில் அந்தக் காசில் ஒரு பங்கு தரைக்கடியில் போகட்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். டைல்ஸ் பதித்த பிறகு நினைத்துப் பயனில்லை. தரை திறந்து கிடக்கும் நாளில்தான் இதற்கு வழி. வரும் கோடையில் மாமி வீட்டில் உடைக்கப் போகிறார்கள். டைல்ஸ் தம்பியின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அதற்குமுன் கராஜ் கூரையைத் திறந்து இன்சுலேஷனைப் பார்க்கச் சொல்லியும் இருக்கிறேன்.