நெய்யாற்றின்கரை எல்லை ஊர்கள்: ஓராண்டுக் குறிப்பேடு

சித்திரை

பாறசாலை, கேரளத்தின் தென்கோடியில் உள்ள கிராம ஊராட்சிகளில் ஒன்று. திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. தெற்கே இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை. அங்கிருந்து தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். காரோடு, குளத்தூர், வெள்ளறடை ஊராட்சிகளும் இதே எல்லையை ஒட்டிக் கிடக்கின்றன.

கிழக்கே மலை, மேற்கே கடல், நடுவே செம்மண் மேடுகளும் ஏலா எனப்படும் தாழ்ந்த வயல்களும் என்பது இப்பகுதியின் நில அமைப்பு. மேட்டில் தென்னை, ரப்பர், மரச்சீனி. நெல் விளைந்த ஏலாக்களில் பலவற்றில் இன்று வாழை நிற்கிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் தென்திருவிதாங்கூரின் வயிற்றை அந்தக் கிழங்கே நிரப்பியது. மரச்சீனியும் மீன்கறியும் எல்லையின் இருபுறத்துக்கும் பொதுவான உணவு.

ஆனி

இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் நெய்யாறு பெருகும். பொருநை (தாமிரபரணி) கிழக்கே இறங்கும் அதே அகத்தியமலைத் தொகுதியில் பிறந்து, மேற்கே சுமார் 56 கி.மீ. ஓடிப் பூவாற்றில் கடலில் கலக்கிறது. கழிமுகத்தைக் கடலிலிருந்து பிரிப்பது ஒரு மணல்திட்டு. வெள்ளம் ஏறும்போது திட்டு உடைந்து ஆறு கடலுக்கு வழி காண்கிறது. அந்த வாயைப் பொழி என்பார்கள்.

பூவாற்றைக் கன்னியாகுமரியோடு நீர்வழியில் இணைக்க 1860-இல் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் தொடங்கப்பட்டது. முழுவதும் நிறைவேறாத அந்தக் கால்வாய் பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது.

நெய்யாறு அணை 1958-இல் முடிந்தது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்ட வயல்களுக்கும் நீர் கொண்டுபோனது. 2004-இல் அந்த நீர் நின்றது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஒரே ஆற்றை நம்பி வெட்டிய கால்வாயின் கடைமடை உழவர்களுக்கு நீர் கிடைக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. இரு அரசுகளும் பேசித் தீர்க்கக்கூடிய வழக்கு இது.

ஆவணி

மலையாளக் கணக்கில் இது சிங்ஙம். ஓணம் வரும் மாதம். தோவாளைப் பூவும் தமிழ்நாட்டுக் காய்கறியும் பாலும் களியக்காவிளை வழியாக வடக்கே போகின்றன. பாறசாலையில் கேரளப் பால்வளத் துறையின் சோதனைச்சாவடி உண்டு. வண்டியில் வரும் பாலை மாதிரி எடுத்துச் சோதித்த பின்பே உள்ளே விடுவார்கள். நெடுங்காலம் லாரிகளை வரிசையில் நிறுத்திய வணிகவரிச் சாவடிகளின் வேலை, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு முடிந்தது.

ஓணக்கோடி நெய்யும் பாலராமபுரம் இதே வட்டத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில், திவான் உம்மிணித் தம்பி தமிழ்ப் பகுதியிலிருந்து நெசவாளர்களான சாலியர்களை அழைத்து வந்து குடியமர்த்திய ஊர் அது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி தேய்த்து, வெயில் ஏறுமுன் தூரிகையால் இழை இழையாகப் பிரித்து உலர்த்துவார்கள். பிறகு குழித்தறி. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் காலால் மிதியை இயக்கி, கையால் நாடாவை எறிகிறார். சரிகைக் கரை துணியின் இருபுறமும் ஒன்றுபோலவே தெரிவது இந்த நெசவின் சிறப்பு. 2009-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறித் துணி இதே பெயரில் மலிவாக விற்கும் சந்தையில், குழித்தறி நெசவாளரின் கூலியைக் காப்பது அரசின் கடமை.

புரட்டாசி

நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானைமேல் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறாள். கம்பர் வழிபட்ட திருமேனி என்பது மரபு. சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் பல்லக்கில் உடன் வருவார்கள். முதலிரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் கேரளத்தார் வரவேற்க, காவல்துறையினர் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள். பாறசாலை மகாதேவர் கோயிலைக் கடந்து, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில். எதிரிகளுக்குத் தப்பிய திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மாவைத் தன் பொந்தில் ஒளித்துக் காத்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பலா நின்றது அந்தக் கோயில் வளாகத்தில்தான்.

திருவனந்தபுரத்தில் சரஸ்வதி எழுந்தருளும் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. 2006-இல் அங்கே முதன்முதலாகப் பாடிய பெண், பாறசாலை பொன்னம்மாள்.

ஐப்பசி

1956 நவம்பர் 1 அன்று இந்த எல்லை வரையப்பட்டது. அதற்கு முன் இருபுறமும் ஒரே திருவிதாங்கூர். நேசமணி முன்னணியில் நின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தாய்த்தமிழகத்தோடு இணைக்கக் கோரிய வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. முடிவில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

கோப்புகள் பிரிந்தன, பிழைப்பு பிரியவில்லை. 1979-இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில்பாதை திறந்தபின் போக்குவரத்து மேலும் பெருகியது. படிப்புக்கும் மருத்துவத்துக்கும் கூலிவேலைக்கும் திருவனந்தபுரம் போகும் குமரி மாவட்டத்தார் பலர். களியக்காவிளையில் கேரளப் பேருந்திலிருந்து இறங்குபவர் சில அடி நடந்து நாகர்கோவில் வண்டியில் ஏறுகிறார்.

மாசி

சிவராத்திரிக்கு நெய்யாற்றங்கரையின் அருவிப்புறத்தில் கூட்டம் திரளும். 1888-இல் நாராயண குரு இங்கே சிவனைப் பிரதிஷ்டை செய்தார். கோயில் நுழைவே மறுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், ஆற்றிலிருந்து எடுத்த கல்லைத் தன் கையால் நிறுவியது கேரளச் சமூக வரலாற்றின் திருப்பம். அங்கே உருவான கோயில் அமைப்பின் தொடர்ச்சியாக 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் அமைந்தது.

1904-இல் பிறந்த, நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த காந்தியக் கல்வியாளர் ஜி. ராமச்சந்திரன், மனைவி சௌந்தரத்தோடு 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். நெசவாளர் தெற்கிலிருந்து வடக்கே வந்த நாட்டில், ஆசிரியர் இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போனார். எல்லை ஊர்களின் செல்வம் இந்தப் போக்குவரத்தே. அதற்குத் தடை வராமல் காப்பது இரு மாநிலங்களின் பொறுப்பு.