தணிகையும் டேமேஜரும்

மக்களே, டேமேஜர் தொல்லை இல்லாம பொட்டி தட்டுறவங்க யாராவது இருக்கீங்களா? நம்மாளு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் புது ஆணி குடுப்பார். திங்கட்கிழமை காலைல எல்லார் முன்னாடியும் "இன்னும் முடியலையா?"ம்பார்.

உடனே பேப்பர் போட்டுடலாம்னுதான் கை துறுதுறுங்குது. ஆனா கே.ஜி.கண்டிகையில அப்பா என் சம்பளத்தை நம்பித்தான் தங்கச்சிக்குக் காலேஜ் பீஸ் கட்டறார். அதனால வேற வேலை கையில வர்ற வரைக்கும் வாயைத் திறக்கறதில்லைன்னு முடிவு.

வேலை தேடறது சத்தமில்லாம நடக்குது. நௌக்ரியில இப்போதைய கம்பெனி கண்ணுல படாதபடி தடுத்து வெச்சுட்டு ரெஸ்யூமை ஏத்தியாச்சு. இண்டர்வியூ எல்லாம் சொந்த லீவுல, சொந்த போன்ல. அவர் வாயால சொல்ற ஆணியை அன்னிக்கே மெயில்ல எழுதி அவருக்கே அனுப்பிடறேன். அப்புறம் "நான் எப்ப சொன்னேன்?"னு கேக்க முடியாது பாருங்க. பி.எஃப். கவலையும் இல்லை; 2014ல வந்த யூ.ஏ.என். நம்பர் கம்பெனி மாறினாலும் கூடவே வரும்.

எங்க ஊர்ப்பக்கம் திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்துல நாளுக்கு ஒண்ணுன்னு கணக்கு. முருகன் கோவம் தணிஞ்ச இடம்ங்கறதாலதான் தணிகைன்னு சொல்வாங்க. அவரே சூரன் சண்டையை முடிச்சுட்டுத்தான் தணிஞ்சார். நானும் ஆஃபர் லெட்டர் வந்தப்புறம் தணிஞ்சுக்கறேன். அதுவரைக்கும் நாளைக்கு ஒரு படி. என்ன சொல்றீங்க?