ஷீட் ஒட்டுவது கடைசி வேலை

"அண்ணா, நாலு டோர், ஃப்ளோர், டிக்கி, எல்லாத்துக்கும் ஷீட் ஒட்டீருங்க. எவ்வளவு ஆகும்னு மட்டும் சொல்லுங்க." காருக்குள் கேட்கும் சத்தத்தைக் குறைக்க என் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஷீட்டை நான் குறை சொல்லவில்லை, என் பிழைப்பே அதில்தான். ஆனால் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் விலை சொல்வதில்லை. சாவியை வாங்கி, பாட்டை நிறுத்தி, ஏசி ஃபேனைக் குறைத்து, நீலாம்பூர் தாண்டி செங்கப்பள்ளிப் பக்கம் போகும் ஆறுவழிச் சாலையில் 80-ல் ஓட்டுவேன். ஓனர் பக்கத்து சீட்டில் உட்காரலாம், பேசக்கூடாது.

80-க்குக் காரணம் உண்டு. அந்த வேகத்தில் அநேகமாக எல்லாக் கார்களிலும் டயர் சத்தம்தான் முன்னால் நிற்கும். 100-ஐத் தாண்டிவிட்டால் கண்ணாடி ஓரத்துக் காற்றும் சேர்ந்துகொண்டு எது எங்கிருந்து வருகிறதென்று குழப்பும். பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து நியூட்ரலில் தள்ளி உருளவிட்டால், அந்தச் சில விநாடிகளுக்கு இன்ஜினும் ஒதுங்கிக்கொள்ளும். மிச்சம் கேட்பது ரோடும் டயரும்.

முதலில் கவனிப்பது, வேகம் கூடக்கூடச் சத்தத்தின் சுருதி ஏறுகிறதா என்று. ஏறினால் அது டயரின் முகத்திலிருந்து வருவது. முகத்தில் வெட்டியிருக்கும் ரப்பர்ப் பட்டன்கள் ரோட்டில் ஒவ்வொன்றாய்த் தட்டுகின்றன, அவற்றுக்கு நடுவே சிக்கிய காற்று பிதுங்கிக்கொண்டு வெளியேறுகிறது. டயர் செய்கிறவர்கள் பட்டன்களை ஒரே நீளத்தில் வெட்டாமல் சிறிதும் பெரிதுமாகக் கலந்து வைப்பது இதற்காகத்தான். எல்லாம் ஒரே அளவானால் டயர் ஒற்றைச் சுருதியில் ஊளையிடும். புது டயரில் அவர்கள் பாடுபட்டுக் கலைத்து வைத்த அந்தச் சுருதியை நம்மவர்கள் அலைன்மெண்ட் பார்க்காமல் ஓட்டியே திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள். பின் டயரின் உள்ளோரத்தை உள்ளங்கையால் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுவென்று போகும் கை, எதிர்த் திசையில் ரம்பப்பல்லில் இடிப்பதுபோல் நின்று நின்று போனால், அந்த டயரை வைத்துக்கொண்டு காருக்குள் எத்தனை கிலோ ஷீட் ஒட்டினாலும் காசுக்குக் கேடு.

இந்த ரம்பப்பல் சத்தத்தை வீல் பேரிங் என்று நினைத்து பேரிங்கை மாற்றிவிட்டு வருகிறவர்களும் உண்டு. சந்தேகமிருந்தால் காலியான ரோட்டில் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பார்க்கலாம். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களில் விழும். அப்போது சத்தம் கூடி, மறுபக்கம் திருப்பும்போது அடங்கினால் இடப்பக்க பேரிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாமல் கேட்டால் பெரும்பாலும் டயர்தான்.

வேகம் மாறினாலும் சுருதி மாறாத சத்தம் ஒன்றும் இருக்கிறது. பாலத்து ஜாயிண்ட்டில் ஏறி இறங்கும்போது "தட்" என்று விழுந்த அடிக்குப் பின்னால் "ணொய்ங்" என்று ஒரு நொடி இழுக்கும். கரடுமுரடான தார் ரோட்டில் அதே சுருதி விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே வளையமாக அடைபட்டிருக்கும் காற்று அதிர்வதால் வருவது இது. 18 அங்குல ரிம்மில் 225/40 டயர் மாட்டினால், அந்தக் காற்று வளையத்தின் நடுச்சுற்றளவு ஒன்றரை மீட்டரைத் தாண்டி 1.7-ஐ நெருங்கும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. வகுத்துப் பார்த்தால் 200 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். டயர் சூடானால் உள்ளே ஒலியின் வேகம் கூடி சுருதி ஒரு சிட்டிகை ஏறும், அவ்வளவுதான். ஜன்னல் வழியாக வரும் சத்தமல்ல இது. ரிம், ஹப், சஸ்பென்ஷன் கை, புஷ், பாடி என்று இரும்பு வழியாகவே நடந்து வந்து, தரைத் தகட்டையும் டிக்கித் தகட்டையும் ஆட்டி, அங்கிருந்துதான் காற்றில் இறங்குகிறது. கதவுக்கு ஷீட் ஒட்டி இதைப் பிடிக்க முடியாது.

ஸ்போர்ட்டி கார்களில் இது ஏன் அதிகம்? சைடுவால் குட்டை. 225/40 டயரின் சைடுவால் வெறும் 90 மில்லிமீட்டர். ரோட்டின் குத்தலை மடங்கி வாங்கிக்கொள்ள ரப்பருக்கு இடமே இல்லை. ஸ்டியரிங் சொன்ன நொடியில் திரும்ப வேண்டுமென்று புஷ்களையும் கெட்டியாகப் போட்டிருப்பார்கள். வளைவில் நமக்குப் பிடித்துப்போகிற அதே கெட்டித்தனம்தான் நேர் ரோட்டில் இரைச்சலாக வந்து சேர்கிறது. அதனால் இந்த மாதிரிக் கார்களை சொகுசு செடான் மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

திருப்பூரில் பனியன் தொழில் செய்கிறவர் ஒருவர் தன் ஆக்டேவியா ஆர்எஸ் 245-ஐக் கொண்டுவந்தார். 2020-ல் இந்தியாவுக்கு 200 வண்டிகள் மட்டுமே வந்த மாடல். வாரம் தவறாமல் பெங்களூர் போய் வருகிறவர். "ஓட்டறதுக்கு இந்த மாதிரி வண்டி கெடைக்காதுங்க. ஆனா ஓசூர் போறதுக்குள்ள தலை கிர்ருனு ஆயிருது. ஊட்டுக்காரம்மா இதுல ஏறவே மாட்டேங்குது." ஆக்டேவியாவைப் பார்த்தால் செடான் போலத் தெரியும். ஆனால் பின் கண்ணாடியோடு சேர்ந்து டிக்கிக் கதவு மொத்தமாகத் திறக்கும் வண்டி அது. டிக்கிக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே இரும்புச் சுவர் கிடையாது. பின்சீட்டின் முதுகும், மேலே ஒரு பார்சல் ட்ரேயும்தான். பின் டயர் எழுப்பும் சத்தம் டிக்கிக்குள் விழுந்தால் அது நேரே நம் பிடரியில்தான் வந்து உட்காரும்.

டிக்கியின் டிரிம்மைக் கழற்றுவதற்கு முன் ஒரு மலிவான சோதனை செய்வது என் வழக்கம். பழைய பஞ்சு மெத்தைத் துண்டுகளும் ஒரு பவானி ஜமுக்காளமும் பட்டறையில் எப்போதும் கிடக்கும். ஸ்டெப்னிக் குழியில் ஒன்றைத் திணித்து ஓட்டுவேன். அதை எடுத்து இடப்பக்க வீல் ஆர்ச் மேல் வைத்து ஓட்டுவேன். பின்சீட்டின் முதுகில் சாத்தி ஓட்டுவேன். எதை மூடும்போது காதுக்கு ஆறுதல் தெரிகிறதோ அங்கே வேலை. எங்கே வைத்தால் வித்தியாசம் தெரியவில்லையோ அந்த இடத்துக்குச் செலவு செய்ய வேண்டாம் என்று ஓனருக்கே புரிந்துவிடும். இந்தக் காரில் இரண்டு வீல் ஆர்ச்சும் ஸ்டெப்னிக் குழியும் உடனே பதில் சொல்லின. முன் கதவுகள் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம்தான் டயருக்கு வந்தோம். பின் டயர் இரண்டிலும் ரம்பப்பல், காற்றும் தேவைக்கு மேல். பங்க்சர் கடையில் நிரப்பியதையே கணக்காக வைத்திருந்தார். காலையில் டயர் ஆறியிருக்கும்போது, கம்பெனி ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு வைத்ததுமே குத்தல் கொஞ்சம் தணிந்தது. ஸ்போர்ட்ஸ் டயரை மாற்றி அதே அளவில் டூரிங் ரகம் போடச் சொன்னேன். உள்ளே பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டிவரும் டயர்களும் இருக்கின்றன. அந்த 200 ஹெர்ட்ஸ் இழுப்பை அடக்குவதற்கென்றே செய்தவை. நம் ஊரில் எல்லா அளவிலும் கிடைப்பதில்லை, பங்க்சரானால் அந்த இடத்தில் ஃபோமைச் சுரண்டித்தான் பேட்ச் போட முடியும். டயர் வாங்கும்போது ஐரோப்பிய லேபிளில் இருக்கும் டெசிபல் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். வண்டியை 80-ல் உருளவிட்டு, ரோட்டோரம் ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்தது அது. ரோட்டோரத்தில் குடியிருப்பவருக்கான எண், ஓட்டுகிறவருக்கானது இல்லை.

ஷீட் இதற்குப் பிறகுதான். வெறும் தகட்டை விரல் முட்டியால் தட்டினால் "டங்" என்று நீள வேண்டும், அப்படி நீளும் இடத்தில்தான் ஷீட்டுக்கு வேலை. "டப்" என்று செத்த சத்தம் வந்தால், கம்பெனியே அங்கே ஏதோ செய்திருக்கிறது, அல்லது மடிப்பும் வளைவுமாகத் தகடு தானே கெட்டியாக இருக்கிறது. ஒலிக்கும் தாம்பாளத்தின் விளிம்பில் ஒரு விரல் பட்டால் போதும், முழுக் கையால் பொத்த வேண்டியதில்லை. தகடும் அப்படித்தான். அகலமான தகட்டின் நடுவில், அதன் பரப்பில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை ஒட்டினாலே ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். இண்டு இடுக்கு விடாமல் ஒட்டிய படங்கள் பார்க்க அழகுதான். இரண்டு மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் சதுர மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். சல்லென்று ஓடுகிற காரில் தேவையில்லாத ஒவ்வொரு கிலோவும் எனக்கு உறுத்தல். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ரேஸ் ஓட்டுகிறவர்கள் காருக்குள் இருக்கும் ஒட்டுமொத்த ஃபெல்ட்டையும் பிய்த்து எறிகிற ஊர் இது.

ஒட்டுவதில் சூட்சுமம் ரோலரில் இருக்கிறது. தகட்டை தின்னரால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போனபின் வைத்து, அழுத்தி உருட்ட வேண்டும். மேலே இருக்கும் அலுமினியத் தாளில் வைர வைரமாக அச்சுப் பதிந்திருக்கும். அந்த அச்சு மழுங்கித் தட்டையாகும்வரை உருட்டினால்தான் பியூட்டைல் தகட்டோடு ஒன்றாகும். தகடு ஆடும்போது அலுமினியம் ஆட மறுக்க, நடுவில் மாட்டிய பியூட்டைல் இழுபட்டு அந்த ஆட்டத்தைச் சூடாக்கித் தின்றுவிடுகிறது. உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால் இந்த வேலை நடக்காது. சில இடங்களில் விலை குறைவென்று தார் ஷீட் ஒட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் இரண்டு நாளில் வாடையே சொல்லிவிடும் அது என்னவென்று. மேல்கூரையில் ஒட்டினால் இளகித் தொங்கும்.

ஷீட் தகட்டின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும். ஆர்ச்சுக்குள் டயர் எழுப்பும் இரைச்சல் காற்றில் வருவதற்குத் தடுப்பு வேறு. ஆர்ச்சின் உட்புறம், டிரிம்முக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் வைத்து, அதன்மேல் கனமான வினைல் விரிப்பை மடித்துப் பொருத்தினேன். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் லைனரின் முதுகில் ஃபெல்ட். சரளைக்கல்லும் மணலும் தெறித்து அடிக்கும் சத்தம் அதிலேயே பாதி அமுங்கும். இந்த வினைல் விஷயத்தில் ஒரு கணக்கைக் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டும்: சுவரில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. அதனால் ஒயர் நுழையும் ரப்பர், காணாமல் போன கிரோமெட், சரியாக உட்காராத பீடிங் இவற்றைத் தேடிச் சரிசெய்வதில் எனக்கு நேரம் போகும், ஓனர்கள் இதற்குக் காசு கொடுக்க முகம் சுளிப்பார்கள்.

அடைக்கக் கூடாத ஓட்டைகளும் இருக்கின்றன. பின் பம்பருக்குள் இரண்டு மூலையிலும் ரப்பர் இதழ் வைத்த வென்ட் இருக்கும். கதவைச் சாத்தும்போதும் ஏசி ஓடும்போதும் உள்காற்று அது வழியாகத்தான் வெளியே போகும். ரோட்டுச் சத்தம் சுலபமாக உள்ளே வருவதும் அந்த வழியில்தான். அதை மூடிவிடாமல், ஒரு சாண் தள்ளி ஃபெல்ட் தடுப்பு ஒன்றை நிறுத்தி, காற்று சுற்றிப் போகும்படி செய்தேன். கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளையும் தொடக்கூடாது, அடைத்தால் இரண்டு மழைக்காலத்தில் கதவு அடியில் துரு ஏறிவிடும். சில கார்களில் கதவுக்குள் காற்றழுத்த சென்சார் ஒன்று உண்டு, பக்கவாட்டில் இடி விழுந்தால் ஏர்பேகுக்குத் தகவல் சொல்வது அதுதான். கதவின் உட்புறத்தைக் கண்டபடி வெட்டி ஒட்டுகிறவர்கள் அதை நினைத்துக்கொள்ள வேண்டும். சீட்டுக்கு அடியில் ஏர்பேகின் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரவும்.

வேலை முடிந்ததும் எல்லோரும் செல்போனில் டெசிபல் மீட்டரைத் திறப்பார்கள். இவரும் திறந்தார். எண் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது, முகம் வாடிவிட்டது. அந்த மீட்டர்கள் பெரும்பாலும் 'ஏ' கணக்கில் அளப்பவை, 100 ஹெர்ட்ஸ் சத்தத்தில் 19 டெசிபலைக் கழித்துவிட்டே எழுதும். தலையைக் கிர்ரென்று ஆக்கிய தாழ்ந்த இரைச்சல் அந்த எண்ணில் சரியாகப் பதிவாகியே இருக்கவில்லை, பிறகு குறைந்தது மட்டும் எப்படிப் பதிவாகும்? தவிர, சமமான இரண்டு சத்தங்களில் ஒன்றை முழுசாக நிறுத்தினாலும் மீட்டர் மூன்றுதான் இறங்கும். பெங்களூர் போய்வந்து சொல்லுங்கள் என்று அனுப்பினேன். போய்வந்து மீட்டரைப் பற்றி அவர் பேசவில்லை, பின்சீட்டில் மகன் தூங்கிவிட்டதைப் பற்றிப் பேசினார்.

இன்ஜின் பக்கத்துச் சுவரை நான் தொடவில்லை, அதையும் செய்துவிடலாமா என்று அவர் கேட்டும்கூட. 245 பிஎஸ் டர்போ இன்ஜின் மேலேறும்போது எழும் குரலைக் காசு கொடுத்து வாங்கியவர் அவர். ஸ்டியரிங்கில் வரும் ரோட்டின் நெறுநெறுப்பும் வேண்டும், டயர் பிடியை விடும்போது அங்கேதான் முதலில் தெரியும். போக வேண்டியது பின்னாலிருந்து வந்த அந்த இழுப்பு ஒன்றுதான்.

இரைச்சல் போன காரில் அடுத்த வாரமே புதுச் சத்தம் முளைக்கும். அவரும் போன் செய்தார்: "அண்ணா, முன்னாடி இல்லாத சத்தம் ஒண்ணு 'டிக் டிக்'குனு வலது பக்கம் காதோரம் கேக்குது. டிரிம் மாட்டறப்ப ஏதாச்சும் லூசா உட்டுட்டீங்களா?" சீட் பெல்ட்டை ஏற்றி இறக்கும் கட்டை, தூணுக்குள் பிளாஸ்டிக்கோடு உரசுகிற சத்தம் அது. நான் கை வைத்த இடம் பின்னால், இது நெடுநாளாக இருந்ததுதான். ரம்பப்பல் டயர் அதைக் கேட்கவிடாமல் செய்திருக்கிறது. தூணின் கவரைக் கழற்றி, உரசும் இடத்தில் இரண்டு விரல் நீளத்துக்குத் துணி டேப் ஒட்டிக் கொடுத்தேன். இந்த மாதிரி இரண்டாம் வருகைக்கு நான் காசு வாங்குவதில்லை, முதல் பில்லிலேயே அதற்கும் சேர்த்துத்தான் போட்டிருப்பேன்.