கொழுந்துமலைக் குறிப்புகள் – 4: கையெழுத்துப் போட்டவர்கள்

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைப்பது பாக்கியம். ஒவ்வொரு வளைவிலும் தேயிலைச் சரிவு ஒரு புதுப் பக்கம் காட்டும். நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், கூடை சுமந்த பெண்கள், மஞ்சு இறங்கினால் அதுவும் இல்லை. நான் இறங்கவேண்டிய இடம் ‘டேன்டீ’ தோட்டத்துக் குடியிருப்பு. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்துக்கு இங்கே எல்லோர் வாயிலும் அதுதான் பெயர். இலங்கையிலிருந்து திரும்பி வருவோருக்கு வேலை தருவதற்காக 1968-ல் அரசுத் திட்டமாகத் தொடங்கி, 1976-ல் கழகமானது. அங்கே குடியிருப்பவர்களை உள்ளூரில் ‘சிலோன்காரங்க’ என்கிறார்கள். வந்து ஐம்பது வருஷம் ஆனாலும் அந்தப் பெயர் போகவில்லை.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீடு. முன்னறைச் சுவரில் முருகன், அடுத்து கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். இவர்களை இந்த மலைக்குக் கொண்டுவந்து சேர்த்த லால் பகதூர் சாஸ்திரியின் படம் இல்லை. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் படத்தை யாரும் எதிர்பார்க்கப் போவதில்லை.

அன்றைய இந்திய, இலங்கைப் பிரதமர்களான அந்த இருவரும் 1964 அக்டோபர் 30-ம் தேதி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. அந்த மிச்சத்தை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் மாடு கன்றைப் பிரிப்பதற்குக்கூட இதைவிட அதிக நேரம் பேசுவார்கள்.

“எங்கள யாரு தம்பி கேட்டா?” என்றார் அந்த வீட்டு அம்மா. பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம். “அண்ணனுக்கு அந்தப் பக்கம், எனக்கு இந்தப் பக்கம். தலைமன்னாருக்குப் போற கோச்சியில ஏறுனப்போ ஊரே ஒப்பாரி வச்சிச்சு.” இலங்கை மலையகத்தில் அந்த ரயிலுக்கே ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றுதான் பெயர். தலைமன்னாரில் கப்பல், இறங்கினால் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம்.

அவர் கணவருக்கு வேறு கணக்கு. “எண்பத்து மூணுல அங்க இருந்திருந்தா நாம உசுரோட இருந்திருப்போமா?” என்று கேட்டார். 1983 ஜூலைக் கலவரம் மலையகத் தோட்டங்களையும் விடவில்லை. அம்மா சற்றும் தயங்காமல், “அண்ணன் இருக்கான்ல?” என்றார். அண்ணன் பிள்ளைகள் அங்கே வோட்டுப் போடுகிறார்களாம்.

இந்த வீட்டில் தீராத வழக்கு வரலாற்றுப் புத்தகத்திலும் தீரவில்லை. 1948-ன் குடியுரிமைச் சட்டத்தால் இவர்களை நாடற்றவர்களாக்கியது டி.எஸ். சேனநாயக்க அரசு. விரும்பி வருபவர்களைத் தவிர மற்றவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலை. சாஸ்திரி பதவியேற்று ஐந்து மாதத்துக்குள் அந்த நிலையைக் கைவிட்டார். 1962 சீனப் போருக்குப் பிறகு அண்டை நாட்டு நட்பு டெல்லிக்கு அவசியமாக இருந்தது. சிறிமாவோவுக்கும் ஒரு வாதம் உண்டு: மூன்று லட்சம் பேருக்குக் குடியுரிமை தர அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய 1970-களின் ஆட்சியில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. அந்தப் பசிதான் பலரைக் கப்பலேற்றியது.

மூன்றாவது பெயர் சௌமியமூர்த்தி தொண்டமான். ஒப்பந்தத்தை எதிர்த்தவர், மலையகத் தொழிற்சங்கத் தலைவராகவும் தோட்ட முதலாளியாகவும் ஒருசேர இருந்தவர். 1978-ல் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் அமைச்சரவையில் சேர்ந்து, பேரம் பேசியே குடியுரிமை வாங்கித் தந்தார் என்பது அங்கே தங்கியவர்களின் நன்றி. இந்தியா வந்தவர்களுக்கு அந்த நன்றியில் பங்கு இல்லை. அவர் இறந்த நாள் 1999 அக்டோபர் 30; தான் எதிர்த்த ஒப்பந்தத்துக்கு முப்பத்தைந்து வயது நிறைந்த அதே நாள். நாடற்றோர் பிரச்சினைக்கு 2003-ல்தான் சட்டம் முடிவு கட்டியது.

அயர்லாந்திலும் ஒரு கையெழுத்து இப்படித்தான் வீடுகளைப் பிளந்தது. 1921 டிசம்பரில் பிரிட்டனோடு ஒப்பந்தம் செய்த மைக்கேல் காலின்ஸ் எட்டே மாதத்தில் சொந்த நாட்டவர் கையால் சுடப்பட்டார். எதிர்த்த டி வலேரா பிரதமராகி, ஜனாதிபதியாகி, 1973 வரை பதவியில் இருந்தார். துரோகி யார், தியாகி யார் என்ற சண்டையில் பிறந்த இரண்டு கட்சிகள் ஒரே கூட்டணி அரசில் உட்கார 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பலனை வைத்துத் தலைவர்களை எடைபோட்டால் தராசு நிற்காது. பட்டினிக் காலத்தில் கப்பலேறியவன் பிழைத்தவன். கலவரத்தில் அவன் இரட்டிப்பாகப் பிழைத்தவன். குடியுரிமை கிடைத்த பிறகு தங்கியவன் கெட்டிக்காரன். 2022-ல் டேன்டீ நஷ்டம் என்று 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க ஆணை வந்தபோது, வந்தவன் மறுபடி ஏமாந்தவன். ஒவ்வொரு முறையும் சாஸ்திரியின் மதிப்பெண் மாறுகிறது, அவர் 1966-லேயே போய்விட்டபோதும்.

‘எங்கள யாரு கேட்டா?’ என்ற அந்த அம்மாவின் கேள்வி மட்டும் மாறவில்லை. மூன்று லட்சம் பேருக்குத்தான் இலங்கைக் குடியுரிமை என்றிருந்தும் அதைவிட அதிகமானோர் அதற்கே விண்ணப்பித்தார்கள். அதாவது, ஜனங்கள் பதில் சொன்னார்கள். ஆனால் எண்ணிக்கை முடிவான பிறகுதான் அவர்களிடம் தாள் நீட்டப்பட்டது. நோக்கம் நல்லதாக இருந்திருக்கலாம், விளைவு சிலருக்கு நன்மையாகவும் முடிந்திருக்கலாம். பத்து லட்சம் பேரின் ஊரை முடிவு செய்கிறவர், அவர்களை முன்கூட்டிக் கேட்டாரா என்பதே என் முதல் கேள்வி. அதில் சிறிமாவோ, சாஸ்திரி இருவருமே தேறவில்லை.

அடுத்து கூடலூர்.

(பயணம் தொடரும்)