இடிபாடுகளின் மாதா

கொலோன் நகருக்கு வருபவர்கள் பெரும்பாலும் அந்த மாபெரும் பேராலயத்தைப் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் ‘இடிபாடுகளின் மாதா’ என்ற சின்னக் கோயில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் புனித கொலும்பா கோயில் இடிந்தது. ஒரு தூணை ஒட்டி நின்ற 15ஆம் நூற்றாண்டு மாதா சுரூபம் தப்பியது. கோட்ஃபிரீட் பியோம் என்ற இளம் கட்டடக் கலைஞர் 1950இல் அந்தச் சுரூபத்துக்காகவே ஒரு சிற்றாலயம் எழுப்பினார். பழைய கோபுரத்தின் அடிச்சுவர்களுக்குள்ளேயே மக்கள் அமர இடம். அதையடுத்து, எட்டுப் பக்கக் கூடாரம்போல் பீடப் பகுதி. உடைந்த கல்லை அவர் பூசி மறைக்கவில்லை.

உள்ளே அதிகம் கிடையாது. ஆனால் இருப்பவற்றைச் செய்தவர்கள் யார் என்று பாருங்கள். கண்ணாடியில் தேவதூதர்களை வரைந்த லுட்விக் கீஸின் சிலுவைச் சிற்பத்தை, 1937இல் ‘சீரழிந்த கலை’ என்று கேவலப்படுத்திக் கண்காட்சி வைத்தார்கள் நாஜிகள். மீன்களுக்குப் பிரசங்கிக்கும் அந்தோனியாரைச் செதுக்கிய எவால்ட் மத்தாரே, 1933இல் அவர்களால் ஆசிரியர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். ஒதுக்கப்பட்ட கைகள் இடிந்த கோயிலுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. பெரிய ஆலயங்களின் தங்கப் பீடங்கள் எனக்குத் தராத நம்பிக்கையை இது தந்தது.

பிற்பாடு சேர்த்த நற்கருணைச் சிற்றறையில் வெளிச்சம் மேலிருந்து இறங்குகிறது. அங்கே சிலுவைப் பாதையை ருடால்ஃப் பேர் இருண்ட கற்சுவரில் கோடுகளாகக் கீறியிருக்கிறார். வண்ணமோ புடைப்போ இல்லை. கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் உருவங்கள் தெரியவரும். அவசரக்காரருக்கு வெறும் சுவர்தான்.

2007இல் பீட்டர் சும்தோர் கட்டிய கொலும்பா அருங்காட்சியகம் இடிபாடுகளோடு சேர்த்து இந்தக் கோயிலையும் சூழ்ந்துகொண்டது. சாம்பல் நிறச் செங்கற்களின் இடைவெளி வழியே ஒளி கசியும் அந்தக் கட்டடம் அபாரமானது, மறுக்கவில்லை. ஆனால் கீஸின் தேவதூதர்களுக்கு நேர் வெயில் போய்விட்டது. வெளிச்சத்துக்காகவே செய்த கண்ணாடியை நிழலில் நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அருங்காட்சியகத்துக்குத்தான் நுழைவுச்சீட்டு. கோயிலுக்குத் தெருவிலேயே தனி வாசல் உண்டு, கட்டணம் இல்லை. கொலோன் போனால் முதலில் அந்த வாசலில் நுழையுங்கள். மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிக்க வருபவர்கள் இருப்பார்கள், கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.